வெறும் ஒளி போதும்

கைரியா டீச்சர் பொய் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவாள். மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதி. "பாரமான கல்லுதான் முதல்ல விழும்" என்று ஒருநாள் சொல்வாள். "கரண்ட் பல்புக்குள்ள போய்த் தேஞ்சி, குறைஞ்சி வெளிய வரும்" என்று இன்னொரு நாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. யாராவது எழுந்து "மிஸ், அது பிழை" என்று சொல்லும்வரை பொய்யை விடமாட்டாள். பலகையில் எழுதுவாள், மேசையில் தட்டுவாள், உதாரணத்துக்கு மேல் உதாரணம் அடுக்குவாள். சண்டை பிடித்துப் பொய்யை உடைத்த பிள்ளைக்கு உண்மை சாகும்வரை மறக்காது என்பது அவள் கட்சி. பன்னிரண்டு வருடமாக அந்தக் கட்சி தோற்றதில்லை. ஒவ்வொரு வருடமும் நல்ல பெறுபேறு வந்து அவளுக்குத் தலைக்கனத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டிருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஞாயிறு வகுப்பு. அன்றைக்கு வகுப்பு முடிந்து பிள்ளைகள் படியிறங்கும்போது லோஜினி எதிர்த்திசையில் ஏறி வந்தாள். மூன்று ஞாயிறாக வகுப்புக்கு வராதவள். வராததற்குக் காரணம் சொல்லவில்லை, சலாம் சொல்லவில்லை, கதிரையில் உட்காரவும் இல்லை. போனை மேசையில் வைத்துத் திரையைத் தட்டினாள்.

"பாருங்க மிஸ்."

திரையில் கைரியாவே நின்றாள். பின்னால் இதே பலகை, கையில் பச்சைப் பேனா. "ஒளி பொருளாகும்" என்றாள் திரைக் கைரியா. "இது கற்பனை இல்ல, ஆய்வுகூடத்தில நிரூபிச்ச விஷயம். இல்லாத துணிக்கை ஒளியில இருந்து உண்டாகும். வெறும் ஒளி போதும்! வேற ஒன்னுமே தேவையில்ல!" மேசையில் ஒரு தட்டு. அத்தோடு அவள் மறைந்து, ஊதா வெளிச்சத்தில் ஒரு கட்டில் வந்தது. கட்டிலில் ஒரு பெண் கண்மூடிப் படுத்திருந்தாள். கீழே 'ஒளிக்கரம் சுகநிலையம், கட்டுகஸ்தோட்டை' என்ற பெயரும் போன் நம்பரும் ஓடின. அதற்குமேல், சின்ன எழுத்தில், 'விளக்கம் தருபவர்: பிரபல பௌதிகவியல் ஆசிரியை'.

கைரியாவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. "யார்ட வேல இது?"

"ரொனி அங்கிள். முந்தி தண்ணி ஃபில்டர் வித்தவர். இப்ப பாலத்துக்குக் கிட்ட சென்டர் போட்டிருக்கார்."

"அவனுக்கு என்ன தைரியம்! நான் நாளைக்கே பொலிஸுக்குப் போறேன். என்ட மொகத்தப் போட்டு..."

"மிஸ்" என்று லோஜினி குறுக்கே வெட்டினாள். "உங்க மொகத்தைப் பத்திப் பேச நான் வரல. எங்க அம்மா ரெண்டு மாசமா அந்தக் கட்டில்லதான் படுக்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல."

லோஜினியின் அம்மா பிரேமிளாவுக்கு மார்பில் புற்றுநோய் என்பது கைரியாவுக்குத் தெரியும். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றோடு நின்றுவிட்டது என்பதுதான் தெரியாது.

"நீ அம்மாக்கிட்ட அது பிழைன்னு சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? உன்னை விட உங்க மிஸ்ஸுக்குத் தெரியும்ங்கிறாங்க. நாளன்னைக்குச் செவ்வாய், கிளினிக் நாள். நேர்ஸ் போன் எடுத்து, இந்த முறையும் வரலைனா பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாதுன்னுட்டாங்க." லோஜினி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பொய் சொன்னது நீங்க. நீங்களே வந்து பொய்னு சொல்லுங்க."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையும் கைரியாவிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. வேறொரு நாளாக இருந்தால் வெளியே போ என்றிருப்பாள்.

கோபம் அதிகமாகக் காரணம், அந்தப் பாடம் அவள் எடுத்ததிலேயே நல்ல பாடம். 'சடமும் கதிர்ப்பும்' என்ற பாட அலகை முடித்துவிட்டு, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, ஆசைக்காக எடுத்தது. வெறும் ஒளி போதும் என்று அவள் மேசையில் தட்டியதும் வகுப்பே எழும்பிவிட்டது. முதலில் ஒருத்தி மின்னேற்றத்தைப் பிடித்தாள்: ஒளிக்கு ஏற்றம் கிடையாது, அதனால் ஒரு இலத்திரன் மட்டும் தனியே பிறக்க முடியாது. சரி, அப்படியென்றால் கூடவே நேர் ஏற்றமுள்ள பொசித்திரன் ஒன்றும் பிறக்கட்டும், ஏற்றக் கணக்குச் சரி என்று கைரியா வழிவிட்டாள். இன்னொருத்தி சக்தியைப் பிடித்தாள்: அந்த இரண்டின் திணிவுக்கும் போதுமான சக்தி அந்த ஒளித்துணிக்கையில் இருக்கவேண்டும், பல்பு வெளிச்சத்தில் அது இல்லை. காமாக் கதிர் எடுப்போம், இப்போது போதுமா என்று கைரியா கேட்டாள். அப்போது கடைசி வரிசை வாங்கிலிருந்து எழும்பியது லோஜினிதான்.

"போதாது மிஸ். ரெண்டும் பிறந்து முன்னுக்குப் பறக்குதுன்னு வைங்க. நான் ஒரு பஸ்ல ஏறி அதுங்க கூடவே ஓடுறேன். சரியான வேகத்தில ஓடினா ஒன்னு இந்தப் பக்கமும் ஒன்னு அந்தப் பக்கமும் சமனாப் போற மாதிரி தெரியும். மொத்த உந்தம் பூச்சியம். அப்ப அது பிறக்க முந்தி இருந்த ஒளிக்கும் அந்த பஸ்ல இருந்து பார்த்தா உந்தம் பூச்சியமா இருக்கணும். எந்த பஸ்ல ஏறினாலும் ஒளிய நிப்பாட்ட ஏலாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உந்தம் இல்லாத ஒளியே இல்ல. அதனால ஒரு ஒளித்துணிக்கை தனியா இருந்தா, வெறும் ஒளியால முடியாது. பக்கத்தில பாரமான ஒரு அணுக்கரு இருந்து, மிச்ச உந்தத்தை வாங்கிக்கொள்ளணும்."

கைரியா அன்றைக்குப் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். முழுப் பாடமும் ஐம்பத்தைந்து நிமிடம். அதில் அரை நிமிடத்தை நறுக்கி எடுத்து ஒரு தண்ணீர் ஃபில்டர்காரன் கடை போட்டிருக்கிறான். தாங்குமா? அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நட" என்றாள்.

வீடு பாலத்துக்கு அப்பால் மேட்டில் இருந்தது. அறுபத்துச் சொச்சம் படிகள். பிரேமிளா ஒரு தையல் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவள். நாற்பது பெண்களை வரிசையில் வைத்து வேலை வாங்கியவள். இப்போது தலையில் ஒரு பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு, மகளின் வெள்ளைச் சீருடையை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் அந்தோனி கொழும்பில் லொறி ஓடுகிறவன், மாதத்துக்கு இரண்டு தடவை வருவான்.

"அட, டீச்சர்! வாங்க, உள்ள வாங்க. லோஜி, டீச்சருக்குக் கதிரைய இழுத்துப் போடு."

கைரியா உட்காரவில்லை. "பிரேமிளா, அந்த வீடியோவில நான் செல்றது பொய்" என்றாள்.

பிரேமிளா ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பொய்யா?"

"பொய். பிள்ளைகள் கண்டுபிடிக்கணும்னு வேணுமின்டே செல்ற பொய். அது என்ட பழக்கம். அதுக்குப் பிறகு அம்பது நிமிசம் அது ஏன் பிழைன்னு படிச்சிக் குடுத்தேன். அத வெட்டிப்போட்டு விட்டீக்கிறான்."

ஒன்றும் விளங்காத மாதிரி பிரேமிளா அவளைப் பார்த்தாள். கைரியாவின் நாக்கு அதற்குள் வேகம் பிடித்துவிட்டது. அந்தக் கட்டிலில் எத்தனை வாட் பல்பு என்று கேட்டாள். நாற்பது என்று லோஜினி சொன்னாள். நாற்பது வாட் பல்பை எரியவிட்டு, அந்த வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வீணாகாமல் முழுக்கப் பொருளாக மாறியது என்று வைத்துக்கொண்டாலும், ஒரேயொரு கிராம் உண்டாக எழுபத்தோராயிரம் வருடம் செல்லும் என்றாள் கைரியா. அதிலும் பாதி எதிர்ப்பொருள். தொட்ட இடத்தில் தானும் அழிந்து தொட்டதையும் அழிக்கும். அந்த ஊதா வெளிச்சத்தின் ஒரு துணிக்கையில் இருக்கும் சக்தி, ஒரு இலத்திரன் சோடியை உண்டாக்கத் தேவையானதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. "ஒங்கட ஒடம்பில ஒரு உயிர்க்கலம் இல்ல, ஒரு கலத்தோட தூசிகூட அதால உண்டாகாது. வெளங்குதா?"

"வெளங்குது" என்றாள் பிரேமிளா. அமைதியாகத்தான் சொன்னாள். "எழுபத்தோராயிரம் வருசம். இது உண்மை, அப்படித்தானே?"

"உண்மை."

"நீங்க உண்மை சொல்றப்போ கண்ணைப் பார்த்துச் சொல்ல மாட்டேங்கிறீங்க டீச்சர். நம்பரைப் பார்த்துச் சொல்றீங்க. அந்த வீடியோவில என்னைப் பார்த்துச் சொன்னீங்க." குரல் உயர்ந்தது. "ஆஸ்பத்திரியில ஒருத்தரும் இது போதும்னு சொல்லல. மருந்து ஏத்துறோம், பார்ப்போம். ஸ்கேன் எடுக்கிறோம், பார்ப்போம். முடி போச்சு, நகம் கறுத்திருச்சு, வாய்க்குள்ள புண்ணு. அப்பவும் பார்ப்போம்தான். படிச்ச ஒரு ஆள் மேசையில அடிச்சு, இது போதும்னு சொன்னா, நான் நம்பாம என்ன செய்ய? வெளையாட்டுக்குச் சொன்னேன்னு இப்ப வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

கைரியாவுக்குச் சுள்ளென்றது. "வெளையாட்டில்ல! அத வெட்டினது நான் இல்ல. அந்த ரொனிட கழுத்தப் புடிச்சிக் கேளுங்க."

"ரொனி வெட்டல" என்றாள் பிரேமிளா. "அது எங்க வீட்டில இருந்து போனதுதான். லோஜிதான் முதல்ல போன்ல எடுத்து அவ ஸ்டேட்டஸ்ல போட்டா. எங்க மிஸ், இன்னைக்குச் சூப்பர் கிளாஸ்னு. நானே அதைப் பத்துத் தடவை பார்த்தேன். ரொனி அதைப் பார்த்துட்டுத்தான் என்கிட்ட கேட்டு வாங்கினார்."

லோஜினி ஸ்திரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்டேட்டஸ் அரை நிமிசத்துக்கு மேல எடுக்காது மிஸ்" என்றாள் கடைசியில். "அதுவா நின்னுருச்சு. முழுசும் போயிருக்கும்னு நெனச்சேன். பிறகு பார்த்தேன். நான் எழும்பிப் பேசுறதுக்கு முந்தியே முடிஞ்சிருந்துச்சு. என் ஃப்ரெண்ட்ஸுக்குத் தெரியும்தானே, பரவாயில்லைனு விட்டுட்டேன்."

"பரவாயில்லைனு விட்டியா?" கைரியா கத்தினாள். "நீயே வெட்டிப்போட்டு, என்ட வகுப்பில வந்து என்னப் பொய்காரின்னு..."

"பொய் சொன்னது நீங்கதானே!" அவளும் கத்தினாள். "நான் வெட்டினா அரைவாசி உண்மை மிஞ்சணும். பொய்தானே மிஞ்சிச்சு! முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா எங்க வெட்டினாலும் எங்க அம்மா செத்துப்போக மாட்டாங்க!"

சாவு என்ற சொல் அந்த வீட்டில் அதுவரை யாராலும் உச்சரிக்கப்படவில்லை போலும். பிரேமிளா ஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள். மகளையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

கைரியா படியிறங்கினாள். போகும் வழியெல்லாம் அவளுக்குள் வசவு ஓடியது. ரொனியை ஏசினாள், லோஜினியை ஏசினாள், அரை நிமிடத்தில் பாடத்தை முறித்த போனை ஏசினாள், ஒரு வீடியோவை நம்பி மருந்தை நிறுத்திய பிரேமிளாவை ஏசினாள். ஏசி ஏசி ஆள் தீர்ந்துபோனபோது பஸ் மடவளைச் சந்தியில் நின்றது. மிச்சமிருந்தது அவள்தான். இறங்கினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஒளிக்கரத்துக்குப் போனாள். லோஜினி சீருடையோடு வாசலில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சேர்ந்து உள்ளே போனார்கள். முன்னறையில் பிளாஸ்டிக் கதிரைகளில் ஏழெட்டுப் பேர். இடுப்பில் ஈரத்துண்டு கட்டிய ஒரு கிழவர், முழங்கால் வீங்கிய ஒரு தாய், கழுத்தில் கட்டியோடு ஒரு வாலிபன். உள்ளறைத் திரைச்சீலையின் கீழே ஊதா வெளிச்சம் கசிந்தது. அந்தத் திரைக்கு அருகில் பிரேமிளாவின் செருப்பு கிடந்தது. சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் கைரியா. "வெறும் ஒளி போதும்!" தட்டு. மறுபடியும், "ஒளி பொருளாகும்..."

"மிஸ்!" ரொனி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சேர்ட், வெள்ளைச் சிரிப்பு. "நீங்களே வந்துட்டீங்க! எல்லாரும் பாருங்க, இவங்கதான் அந்த மிஸ். தங்கச்சி, மிஸ்ஸுக்கு ஒரு இஞ்சிப் பிளேன்டீ."

"அத நிப்பாட்டு."

"ஏன் மிஸ்? நான் ஒரு சொல்லு கூடக் குறைச்சேனா? கூட்டினேனா? நீங்க சொன்னது அப்படியே இருக்கு. கேன்சர் சுகமாகும்னு நான் எங்கயாவது எழுதியிருக்கேனா? போர்டைப் பாருங்க. 'உடலின் மீளுருவாக்கத்துக்கு ஒளி'. அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் ஒருத்தருக்கும் சொல்லல. ரெண்டையும் ஒன்னாச் செஞ்சா ஒளி சரியா வேலை செய்யாதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

கைரியா டிவியின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். முன்னறையில் இருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். "நான்தான் அதுல பேசினது" என்று அவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "நான் செல்றதக் கேளுங்க. அது பிழை. ஒளியில இருந்து துணிக்கை உண்டாகும், அது மெய்தான். ஆனா வெறும் ஒளியால ஏலாது. அதுக்கு... முதல்ல சக்தி... சக்தி போதாது. அது போதும்னாலும் உந்தம் காக்கப்படணும். உந்தம்னா..."

அங்கே அவள் தடுக்கினாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு உண்மையையும் முதல் வசனமாகச் சொல்லிப் பழகியதில்லை. பொய்யைத் தள்ளிக்கொண்டுதான் அவளுடைய உண்மை எப்போதும் வரும். தனியே வரச் சொன்னால் அதற்குக் கால் வரவில்லை. ஆனால், இருந்தாலும், என்று வைத்துக்கொண்டால் என்று இழுத்தாள். கிழவர் கொட்டாவி விட்டார்.

"அப்ப அன்னைக்கு ஏன் அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க?" என்று கேட்டான் கழுத்துக் கட்டிக்காரன். "இப்ப யாரும் மிரட்டினாங்களா? மருந்துக் கம்பனிக்காரங்களா?"

"ஒருத்தரும் மிரட்டல!"

"பயப்படாதீங்க மிஸ்" என்று முழங்கால்காரத் தாய் ஆறுதல் சொன்னாள். "எங்களுக்கு வெளங்குது."

ரொனி சிரித்தபடி குனிந்து பிளக்கை மறுபடி செருகினான். டிவி விழித்தது. உயிருள்ள கைரியா உந்தத்தைப் பற்றித் திக்கிக்கொண்டிருக்க, திரைக் கைரியா அவளுக்கு மேலே நின்று, கண்ணைப் பார்த்து, மேசையில் தட்டினாள். முன்னறை முழுவதும் திரையைத்தான் பார்த்தது. தன்னைத் தானே அறைய முடிந்திருந்தால் கைரியா அப்போது அறைந்திருப்பாள்.

லோஜினிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. திரைச்சீலையை இழுத்துத் திறந்தாள். பிரேமிளா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், ஊதா வெளிச்சத்தில் முகம் செத்த மாதிரி தெரிந்தது. எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"அம்மா, எழும்புங்க. உங்களுக்குத் தெரியும்தானே இது பொய்னு."

"தெரியும்" என்றாள் பிரேமிளா. "நேத்தே தெரியும். அதுக்கு முந்தியும் கொஞ்சம் தெரியும்."

"அப்ப ஏன் இங்க வந்து படுக்கிறீங்க?" லோஜினியின் குரல் உடைந்தது.

பிரேமிளா கால்களைத் தொங்கப் போட்டுச் செருப்பைத் தேடினாள். "வேற எங்க போய்ப் படுக்க? நாளைக்கு அங்க போனா முதல்ல கேப்பாங்க, ஏன் ரெண்டு மாசம் வரலைனு. அத்தனை பேர் முன்னாடி கேப்பாங்க. ஒரு சிங்களப் பொம்பளை இப்படித்தான் இடையில நிப்பாட்டிட்டு நாட்டு மருந்துக்குப் போய் வந்தா. என்ன ஏச்சு ஏசினாங்க தெரியுமா? அவ கிளினிக் கொப்பியால மொகத்தை மூடிக்கிட்டு நின்னா. நான் நாப்பது பேரை மேய்ச்சவ. ஒரு லைட்டுல படுத்தேன்னு சொல்லி நான் எப்படி அங்க நிப்பேன்? செத்தாலும் அது என்னால முடியாது."

இதுதான் சங்கதி என்று கைரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று எழுபத்தோராயிரம் வருடக் கணக்கைச் சொல்லிக் கத்தியபோது இந்தப் பெண்ணுக்கு அது தேவையே பட்டிருக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நான் வாறேன்" என்றாள். "நான் செல்றேன்."

"என்னன்னு?"

"கேட்டா நான் செல்றேன். நீங்க வாயத் தொறக்க வேணாம்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரி வாங்குகள் நிரம்பிவிட்டிருந்தன. பதினொன்றே காலுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். டொக்டர் இளம்பெண், தூங்கிப் பல நாள் ஆன கண்கள். மேசைக்கு இந்தப் பக்கம் வரிசையில் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அங்கே சொல்வது எல்லோருக்கும் கேட்கும். கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டரின் விரல் ஒரு வெற்றுப் பக்கத்தில் நின்றது. நான்காவது மருந்து எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். பிரேமிளாவின் தலை தாழ்ந்தது. அவளுடைய கை கைரியாவின் அபாயா ஓரத்தைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஒளிச் சிகிச்சை போதும், மருந்து தேவையில்லை என்று நினைத்துவிட்டார்" என்றாள் கைரியா சிங்களத்தில்.

"யார் சொன்னது அப்படி?"

"நான்."

டொக்டர் பேனாவை வைத்தார். "நீங்கள் யார்?"

"பௌதிகவியல் ஆசிரியை."

அதன் பிறகு வந்தது சின்ன ஏச்சு அல்ல. படித்தவள் நீ, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவள் நீ, உன்னுடைய வாயால் ஒரு நோயாளிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது என்று டொக்டர் கேட்டார். இந்த இரண்டு மாதத்தை நீ திருப்பித் தருவாயா என்று கேட்டார். உன்னை மாதிரி ஆட்களைப் பொலிஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேலே ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். எழும்பி நில் என்று வாழ்நாள் முழுவதும் பிறரைச் சொல்லிவந்த கைரியா பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கதிரையிலிருந்து எழும்பி நின்றாள்.

நாக்கின் நுனியில் முழுப் பாடமும் இருந்தது. அது முதல் அரை நிமிடம் மட்டும்தான் டொக்டர், மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ஒரே வசனம் போதும், பழி இறங்கிவிடும். ஆனால் இறங்கினால் எங்கே போகும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த கேள்வி, அப்படியானால் இந்த அம்மா ஏன் அதை நம்பினாள் என்பதாகத்தான் இருக்கும். அந்த ஏச்சு யாரிடமாவது போயே தீரும். கைரியா பல்லைக் கடித்துக்கொண்டு, "பிழைதான் டொக்டர், என்னுடைய பிழை" என்றாள். கோபத்தில் கண்ணீர் வந்தது. டொக்டர் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் குரலைத் தணித்தார்.

பிறகு திரைக்குப் பின்னால் பிரேமிளாவைப் பரிசோதித்தார்கள். லோஜினி கைரியாவின் பக்கத்தில் வந்து நின்றாள். திரைக்குள்ளிருந்து டொக்டரின் குரல், இப்போது ஏச்சு இல்லாத வேலைக் குரல், நேர்ஸுக்குச் சொல்லி எழுதவைத்தது. இடது கக்கத்தில் ஒரு கட்டி. இரண்டு சென்ரிமீற்றர். முன்பு இருக்கவில்லை.

லோஜினிக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். அவள் சுவரில் நெற்றியை வைத்தாள்.

பிரேமிளா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் துண்டுகள். அவற்றை ஒருதரம் ஒழுங்காக மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். மூவரும் வாசல்வரை நடந்தார்கள். படியில் பிரேமிளா நின்று, கைரியாவை நேராகப் பார்த்தாள்.

"உங்க மேல எனக்குக் கோபம் போகல டீச்சர். போகும்னும் தோணல."

"தெரியும்."

"அடுத்த செவ்வாய் மருந்து ஏத்தணுமாம். ஆறரைக்கு வந்துருங்க, இடம் பிடிக்கணும்."

கைரியா அன்று பின்னேரமே பள்ளிக்கூடத்துக்குப் போய், மூன்று செவ்வாய்க்கிழமைகளுக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.